ஜாப் கார்டில் ஏறாத ஆயில்

வாரன்டி முடியாத வண்டியை வைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்குகிறவர்கள் சர்வீஸ் கவுன்ட்டரில் இந்தப் பதிலைக் கேட்டிருப்பீர்கள்: "உங்களுக்கு ஆயில் மாத்த இன்னும் டியூ வரலையே சார்." கம்ப்யூட்டர் சொல்கிற கிலோமீட்டர் வரவில்லை, அதனால் மாற்ற வேண்டியதில்லை. "பரவாயில்லைங்க, காசு நான் தர்றேன், மாத்திருங்க" என்றால் தலையாட்டுவார்கள். சாயந்திரம் வண்டி கழுவித் துடைத்து வெளியே வரும். உள்ளே கிடப்பது பழைய ஆயிலா, புது ஆயிலா?

கம்பெனி அட்டவணைப்படி வருகிற ஆயில் மாற்றம் பெரும்பாலும் நடந்துவிடும். கம்ப்யூட்டரே அதை ஞாபகப்படுத்தும், பாகங்களின் பட்டியலையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். விட்டுப்போவது நாமாகக் கேட்டு மாற்றச் சொல்கிற ஆயில்தான். மலைக்கு ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் முக்கியமான ஆயில். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் சீக்கிரம் மாற்றச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வண்டியோடு தருகிற கையேட்டை எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், கடுமையான பயன்பாடு என்று ஒரு குறிப்பு இருக்கும். மலைப்பாதை, புழுதி, அதிக பாரம், அடிக்கடி நின்று நின்று போவது, நீண்ட நேரம் ஐடிலில் நிற்பது. இந்த மாதிரி ஓட்டினால் ஆயிலை முன்கூட்டியே மாற்றுங்கள் என்று வண்டியைச் செய்தவர்களே எழுதியிருப்பார்கள். பல கையேடுகளில் கிட்டத்தட்ட பாதி இடைவெளி. போடியிலிருந்து முந்தல் தாண்டி மேலே ஏறி, பூப்பாறை பக்கம் தோட்டத்து மண்பாதையில் நாள் முழுக்க உருட்டி, திரும்ப இறங்கி வருகிற வண்டிக்கு இந்தப் பட்டியலில் பொருந்தாத வரி எது? ஏலக்காய் எடுப்புக் காலத்தில் மூட்டையும் ஆளும் ஏற்றினால் பாரமும் சேர்ந்துகொள்கிறது.

போடி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரம். போடிமெட்டு 1,400 மீட்டரை ஒட்டி இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டியை ஆயிரம் மீட்டர் தூக்கி வைக்கவே, எஞ்சினின் வழக்கமான திறனில் கணக்குப் போட்டால், ஒன்றரை லிட்டருக்கு மேல் டீசல் எரிய வேண்டும். சாலையின் உராய்வு, காற்று எல்லாம் தனி. அந்த டீசலில் வேலையாக மாறுவது மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டில் ஒரு பகுதியைச் சுமந்து போவது ஆயில். ரெண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி மெதுவாகப் போகிறது, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று குறைவு. சமவெளியில் நூறு கிலோமீட்டர் ஓடுவதும் இந்த ஏற்றத்தில் இருபது கிலோமீட்டர் ஓடுவதும் மீட்டரில் வேறு வேறு எண்ணாகத் தெரியும். ஆயிலுக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு கரி என்பதுதான் அதன் கணக்கு.

இப்போதைய டீசல் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டர்போ இருக்கிறது. அதன் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். ஆயில் கெட்டுப் பிசுக்காகி டர்போவுக்குப் போகிற சின்னக் குழாய் அடைத்தால், முதலில் பலியாவது டர்போ. அதன் விலையை ஒரு தடவை விசாரித்துவிட்டால், ஆயில் செலவைப் பற்றி வீட்டில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த ஷோரூம் என்பது வேண்டாம். அட்டவணைப்படி ஆயில் மாற்ற வேண்டிய தூரத்தில் பாதிதான் ஓடியிருந்தது. ஆயிலும் ஆயில் பில்டரும் மாற்றச் சொல்லி விட்டுவிட்டு வந்தேன். சாயந்திரம் பில்லில் ஆயில் இருந்தது, பில்டர் இருந்தது, வேலைக்கூலியும் இருந்தது. வண்டிக்கு அடியில் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பழைய பில்டரின் அடியில் நான் வைத்திருந்த மஞ்சள் பெயின்ட் புள்ளி அப்படியே இருந்தது. ட்ரெயின் போல்டுக்கும் ஆயில் சம்புக்கும் குறுக்கே இழுத்திருந்த கோடும் கலையவில்லை.

அட்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. போர்மேன் வந்தார், வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் தன் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினான். அதில் பொதுச் சோதனை, ஏர் பில்டர் சுத்தம், வாஷ், அவ்வளவுதான். ஆயில் என்ற சொல்லே இல்லை. கவுன்ட்டரில் நான் சொன்னதை அட்வைசர் எஸ்டிமேட்டில் போட்டிருக்கிறார். எஸ்டிமேட்டிலிருந்து பில் அடித்திருக்கிறார்கள். ஆனால் ஒர்க்‌ஷாப்புக்குப் போன ஜாப் கார்டில் அது ஏறவில்லை. பில்லுக்கும் வேலைக்கும் நடுவே ஒருவரும் சரிபார்க்கவில்லை. திட்டம் போட்டு ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளி இல்லாமல் இருந்திருந்தால் காசைக் கொடுத்துவிட்டு, பழைய ஆயிலோடு, புது ஆயில் என்ற நம்பிக்கையில் அத்தனை வளைவும் ஏறியிருப்பேன். அடுத்த மாற்றத்தையும் அந்தத் தேதியிலிருந்தே எண்ணியிருப்பேன். காசு போனது சின்ன விஷயம். ஆயிலின் வயதைத் தப்பாக எண்ணிக்கொண்டு ஓட்டுவதுதான் ஆபத்து.

பெயின்ட் புள்ளி என் யோசனை இல்லை. போடியிலிருந்து விடியற்காலை தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. புது வண்டி வாங்கிய புதிதில், "ஆயில் எங்க தம்பி மாத்துற?" என்று கேட்டார். ஷோரூமில் விட்டுவிடுவேன் என்றேன்.

"முன்னாடி நிப்பியா?"

"உள்ள விட மாட்டாங்கண்ணே. ஏசி ரூம்ல உக்காரச் சொல்லுவாங்க."

"அப்ப பில்டர்ல ஒரு புள்ளி வச்சு விடு. போல்டுலயும் ஒரு கோடு போட்டுரு. நம்ம பக்கத்துல நிக்காத வேலைக்கு அடையாளம் வேணும்ல."

ஜீப்காரர்கள் ஆயில் மாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, சூடு ஏறிய பிறகுதான் போல்டைக் கழற்றச் சொல்வார்கள். சூடாக இருந்தால்தான் கசடும் சேர்ந்து இறங்கும். வழிகிற ஆயிலைப் பார்ப்பார்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார்கள். போல்டில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பார்கள். கடைசிச் சொட்டு வடியும்வரை அவசரப்படுத்த மாட்டார்கள். புது டின்னைத் தன் கையால் திறந்து கொடுப்பார்கள், காலி டின்னைக் கத்தியால் கிழித்துப் போடுவார்கள். அந்த டின்னில் யாரும் கள்ள ஆயில் நிரப்பி விற்றுவிடக் கூடாது என்பதற்காக. இதில் ஒன்றுகூடச் சந்தேகப் புத்தியால் வருவதில்லை. பதினைந்து பேரின் உயிரை அந்த எஞ்சினை நம்பி மலையேற்றுகிறவர்கள் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது. லட்சக்கணக்கில் போட்டு வண்டி வாங்கிய நாம் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் காபியோடு உட்காரப் பழகிவிட்டோம். அந்த ஒழுக்கத்தை ஷோரூமுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் எனக்கு அக்கறையான விஷயம்.

முதல் வேலை ஜாப் கார்டு. வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வாங்கிப் படியுங்கள். "எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், ஆயில் பில்டர் மாற்ற வேண்டும், ட்ரெயின் போல்டு வாஷர் புதிது" என்று தனித்தனி வரியாக இருக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல சர்வீஸ் பட்டியல்களில் ஆயிலுக்கு எதிரே ‘பரிசோதனை’ அல்லது ‘டாப்-அப்’ என்றுதான் இருக்கும். இலவச சர்வீஸ்களில் குறிப்பாக. டாப்-அப் என்றால் குறைந்ததை மேலே ஊற்றி நிரப்புவது. பழையது அப்படியே இருக்கும். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருப்பதைப் பார்த்து ஆயில் மாற்றியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். "மாற்றுதல்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதிய ஜாப் கார்டை அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்வைசருக்கு வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: இன்ன தேதி, இத்தனை கிலோமீட்டர், மலைப் பயன்பாடு, ஆயிலும் பில்டரும் மாற்றவும், பழைய பில்டரைத் தரவும்.

இரண்டாவது, பழைய பில்டரைக் கேட்பது. இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வேலை கொடுக்கும்போதே வாடிக்கையாளர் கேட்டுவிட்டால், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரிலும் கிளட்ச் பிளேட் மாற்றினால், பிரேக் ஷூ மாற்றினால், நல்ல மெக்கானிக் பழையதை எடுத்துக் காட்டாமல் காசு வாங்க மாட்டார். ஆயில் பில்டரும் ஒரு பாகம்தானே. காலையிலேயே கேட்டுவிட வேண்டும். சாயந்திரம் கேட்டால், "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்பது உண்மையாகவே இருக்கலாம்.

பழைய ஆயிலை மட்டும் வீட்டுக்கு வாங்கிவராதீர்கள். தோட்டத்து மரக்கம்பங்களில் கரையான் ஏறாமல் இருக்க அதைப் பூசுகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. இந்தச் சரிவில் மண்ணில் விழுவதெல்லாம் மழையோடு ஓடைக்கும் கொட்டகுடி ஆற்றுக்கும் போகும். பழைய ஆயிலை அபாயக் கழிவு என்றுதான் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வகைப்படுத்துகின்றன. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியது ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பு.

இனி, பார்த்துக் கண்டுபிடிப்பது. எல்லாரும் சொல்வது டிப்ஸ்டிக்கை உருவி நிறம் பார் என்பது. பெட்ரோல் வண்டிக்கு இது நல்ல வழி. புது ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், சில நூறு கிலோமீட்டர் வரை நிறம் தாங்கும். டீசலில் இதை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் ஏமாற்றும். டீசல் எரியும்போது கரித்துகள் வரும். எஞ்சினின் மூலை முடுக்கில் தங்கிய பழைய ஆயிலும் புதிதோடு கலக்கும். மாற்றிய அன்றே, சில கிலோமீட்டருக்குள், குச்சியில் கறுப்புதான் தெரியும். அதைப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். வேலையை ஒழுங்காகச் செய்த மெக்கானிக் பையன் பாவம், நிரூபிக்க வழியில்லாமல் நிற்பான். நாம் வைக்கிற அடையாளம் அவனுக்கும் பாதுகாப்புதான்.

ஆகவே டீசலுக்குப் புள்ளியும் கோடும்தான். வெளியே திருகுகிற இரும்புப் பில்டர் என்றால் அதன் அடியில் சூடு தாங்கும் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. புது வண்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காகித பில்டர் மட்டும் இருக்கும். அதில் வெளியே வைக்கிற அடையாளத்தால் பயனில்லை, கூடு மாறாது. அங்கே பழைய காகித பில்டரைக் கேட்டு வாங்குவதும் புது பில்டரின் காலி அட்டைப்பெட்டியைப் பார்ப்பதும்தான் வழி. ட்ரெயின் போல்டின் தலையிலிருந்து சம்பு வரை ஒரு மெல்லிய கோடு போடுங்கள். கழற்றிப் புது வாஷரோடு முடுக்கினால் கோடு பெரும்பாலும் பழைய இடத்தில் வந்து சேராது. செம்பு அல்லது அலுமினிய வாஷரின் பளபளப்பும் தெரியும். ஆனால் கோடு கலையவில்லை என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். சில ஒர்க்‌ஷாப்புகளில் டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெஷினால் ஆயிலை உறிஞ்சி எடுக்கிறார்கள். அப்போது போல்டைத் தொடவே மாட்டார்கள். போல்டு, பில்டர் இரண்டும் சேர்ந்து சொல்வதைத்தான் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் வைத்த இடத்தை, கிலோமீட்டர் தெரிகிற மீட்டரோடு சேர்த்து, சர்வீஸுக்கு விடும் அன்று காலையிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். வாங்கும்போது ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்கு முன் பாருங்கள். வாசல் தாண்டிவிட்டால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

மீட்டரில் ஆயில் சர்வீஸ் எச்சரிக்கை மறைந்திருப்பதும் சாட்சி இல்லை. ஸ்கேனர் கருவியிலோ, சில வண்டிகளில் ஒரு பட்டனிலோ அதை அழித்துவிடலாம். ஆயில் மாறியதா என்று உணர்கிற சென்சார் எதுவும் பெரும்பாலான வண்டிகளில் கிடையாது.

டிப்ஸ்டிக்கை வேறு ஒரு காரணத்துக்காக உருவிப் பார்க்க வேண்டும்: அளவு. சமதளத்தில், எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து. சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய்யாகத்தான் காட்டும். மெட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டு ஆயில் குறைந்துவிட்டதென்று ஊற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு கோட்டுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருந்தால் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் அதுவும் தப்பு வேலைதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கிற டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். அதைச் சுத்தம் செய்ய எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலை உள்ளே விடும். முழுதாக எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். போடி பஜாருக்குள் சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டி, அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போனால் கலப்பு கூடும். இந்த வண்டிகளில் ஆயில் அளவு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். குச்சியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் வந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆயிலின் ரகம். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய ஜீப்புக்கு ஊற்றுகிற ஆயிலை ஊற்றினால் எஞ்சின் ஓடும், ஆனால் வடிகட்டி கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். கையேட்டில் எழுதியிருக்கிற தர எண்ணும் பில்லில் இருக்கிற தர எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெறுமனே 5டபிள்யூ-30 என்று பார்த்தால் போதாது. அது ஆயிலின் தடிமனை மட்டும்தான் சொல்கிறது.

பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆயில் பில்லில் தனி வரியாக, எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று இருக்க வேண்டும். கையேட்டில் பில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று எழுதியிருக்கும். அதைவிடக் கணிசமாகக் குறைவாகப் பில் போட்டிருந்தால் டாப்-அப்தான் நடந்திருக்கிறது. கூடுதலாக இருந்தால் நீங்கள் வாங்காத ஆயிலுக்குக் காசு கொடுக்கிறீர்கள். பேரலிலிருந்து ஊற்றுகிற ஒர்க்‌ஷாப்புகளில் டின் இருக்காது, அதில் தப்பில்லை. லிட்டர் கணக்கை மட்டும் கேளுங்கள். பில்டருக்கு அதன் பார்ட் நம்பரோடு ஒரு வரி, வாஷருக்கு ஒரு வரி. வாஷரின் விலை அற்பம்தான். ஆனால் போல்டைக் கழற்றியதற்கு அந்த வரி ஒரு சாட்சி.

"பாத்துட்டே நிக்கணும்" என்று கேட்டால் பல இடங்களில், பாதுகாப்பு விதி, உள்ளே வரக் கூடாது என்பார்கள். ராம்ப்புக்குக் கீழே நிற்பது ஆபத்துதான், விதி நியாயமானது. ஆனால் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று ஆயில் வடிவதைப் பார்க்கிறேன் என்று கேட்கலாம். இல்லாவிட்டால், போல்டு கழற்றுகிற நேரத்தில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஜாப் கார்டில் ஆயில் விட்டுப்போன அன்றைக்கு, என் வண்டியை இரண்டாம் முறை ராம்ப்பில் ஏற்றியபோது போர்மேனே என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினார். அதற்குப் பிறகு அதே ஒர்க்‌ஷாப்பில் கேட்காமலே வீடியோ வருகிறது. சனிக்கிழமை கூட்டத்தில் விடாமல் வார நாளில், அதுவும் முதல் வண்டியாக விட்டால் எல்லாருக்கும் நிதானம் இருக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக போடியிலேயே தெரிந்த மெக்கானிக்கிடம், முன்னால் நின்று மாற்றிக்கொள்ளக் கூடாதா? வாரன்டி போய்விடும் என்ற பயம்தான் தடுக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து ஓர் உத்தரவு போட்டது. உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததுதான் முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி மொத்தமாக ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. அதன் மேல் மேல்முறையீடுகள் நடந்தன. நடைமுறையில் என் யோசனை இது: வாரன்டி காலத்தில் அட்டவணைப்படியான சர்வீஸ்களை ஷோரூமிலேயே செய்யுங்கள். இடையில் நாமாக மாற்றுகிற ஆயிலை வெளியே மாற்றினால், கையேட்டில் உள்ள அதே தர ஆயில், அசல் பில்டர், கிலோமீட்டர் எழுதிய பில் மூன்றும் இருக்கட்டும். நாளைக்கு எஞ்சினில் கோளாறு என்று போய் நின்றால் முதலில் கேட்பது ஆயில் மாற்றிய கணக்கைத்தான்.

காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை, கேட்டால் மழுப்புகிறார்கள் என்றால்? அன்றைக்கே, அங்கேயே, சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஷோரூம் மதுரையில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது போடி என்றால் தேனி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். செய்யாத வேலைக்குக் காசு வாங்குவது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதையும் அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

புகாரில் யாரை எதிர்த்தரப்பாகப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு கோவா வழக்கில், 2011 மாடல் கேட்டவருக்கு டீலர் 2009 மாடலைக் கொடுத்திருந்தார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரிந்து நடந்தது என்று காட்டாதவரை டீலர் செய்ததற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. ஆக, பெயர்ப்பலகையில் பெரிய கம்பெனி இருந்தாலும் பில் கொடுத்த டீலரின் சட்டப்பூர்வப் பெயர்தான் முதலில் வேண்டும். அது பில்லின் தலையில் இருக்கும்.

ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவர்கள், "நம்மது வாடகை வண்டி, நமக்கு அந்தச் சட்டம் இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறவரை அது வெளியே தள்ளவில்லை. தன் ஜீப்பைத் தானே ஓட்டி, அதில்தான் குடும்பம் நடக்கிறது என்றால் அந்த வாசல் அவருக்கும் திறந்தே இருக்கிறது. ஒரு குறை, அவர்களில் பலர் பில் வாங்குவதில்லை.

கடைசியாக ஒரு ஆயில். பிரேக் ஆயில். எஞ்சின் ஆயிலைப் போலவே இதையும் மாற்றினார்களா இல்லையா என்று வெளியே தெரியாது. பல ஒர்க்‌ஷாப்புகளில் டப்பாவில் அளவைப் பார்த்துவிட்டு டிக் அடித்துவிடுகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். டாட்-4 என்கிற வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி இருந்தால் போதும் என்கிற அளவுக்கு அந்தத் தரமே இறங்கிவிடுகிறது. 2024 ஜனவரியில் மூணாறு–போடிமெட்டு அகலச் சாலை திறந்த பிறகு வெளியூர் வண்டிகள் நிறைய இந்த வழியாக இறங்குகின்றன. மெட்டிலிருந்து புலியூத்து வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். அந்தச் சூட்டில் ஈரம் ஏறிய ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும், மிதித்தால் பெடல் தரை வரை போகும். கியர் பிடித்து இறக்குங்கள். பெரும்பாலான கையேடுகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன. ஈரத்தை அளக்கிற பேனா மாதிரியான கருவி ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கும், உங்கள் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றச் சொன்னால் டாப்-அப் இல்லை, நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றி மாற்ற வேண்டும் என்று ஜாப் கார்டில் தனி வரியாக எழுத வையுங்கள். அதற்கும் எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள்.